அஞ்சாம் டிவிஷனின் கடைசிப் பக்கம்

தம்பி,

நீ கேட்டது இரண்டு பக்கம். "ஜாலியா, நம்ம தோட்டத்துப் பேய்க்கதை மாரி ஒண்ணு எழுதிக் குடுங்கப்பா. புக்கு கடைசில வாசகர் கடிதம்னு போட்டுருவேன் லா" என்றாய். நான் எழுதியிருப்பது அதைவிட நீளம், ஜாலி மருந்துக்கும் இல்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அச்சகத்துக்கு ஃபைல் போகிறது என்று சொல்லியிருக்கிறாய். அதற்கு முன் இதை முழுக்கப் படித்துவிடு. போனில் சொல்லிவிடலாம் என்று சாயங்காலத்திலிருந்து நான்கு தடவை உன் நம்பரை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் போனைத் திரும்பக் கீழே வைத்துவிட்டேன். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்வாயே, இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படக்கதை நூற்றிருபது பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போனில் படித்தேன். பெருமையாகத்தான் இருந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் தோட்டத்தில் நான்கு டிவிஷன், இடுகாட்டுக்குக் கேலியாக அஞ்சாம் டிவிஷன் என்று பேர், யாராவது செத்தால் "அஞ்சாம் டிவிஷனுக்கு மாத்தலாயிட்டான்" என்பார்கள் என்று உனக்கு நான் எப்போதோ சொன்னதை வைத்து ஒரு சூப்பர் ஹீரோ கூட்டத்தையே எழுப்பிவிட்டாய். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பொய்யை ஊடுருவிப் பார்க்கும் ரப்பர் பால்மரம் வெட்டும் நாகம்மா, எல்லா நோய்க்கும் ஒரே சிவப்புத் தண்ணீர் கொடுத்துச் செத்த பிறகு நிஜ மருந்து கண்டுபிடித்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர், செத்துப்போன தன் நாயோடு சுற்றும் வாட்ச்மேன், சக்கரம் இல்லாத லோரியைப் பறக்க விடும் டிரைவர், பேசாமல் அடிக்கும் சமையல்கார ஆயா. தனித்தனியாக ஐந்து புத்தகத்தில் வந்தவர்களை இந்தப் புத்தகத்தில்தான் ஒன்றாகச் சேர்த்திருக்கிறாய். தோட்டம் விற்றுப்போய் அணைக்கட்டுப் பக்கம் வீடுகள் எழும்பும்போது இடுகாட்டிலிருந்து ஐந்து பேரும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கும் அந்தப் பக்கத்தில் உன் அம்மா, "இந்த ஆயா என்னை மாரியே இடுப்புல கைய வச்சிருக்கா" என்று சிரித்தாள்.

அப்புறம் அவர்கள் சேர்ந்து எதிர்க்கும் அந்தப் பேய் வந்தது. ரெட்டைக்குரலான். உச்சி வேளையில் செம்பனைத் தோட்டத்துக் காவாய் ஓரம் நின்று, தெரிந்தவர் குரலில் இரண்டே இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவான். பதில் சொன்னவனைச் சேற்றுக்குள் இழுத்துக்கொள்வான். நீண்ட கை, பனை உயரம், வாய் நிறையச் சேறு. கடைசி இரண்டு பக்கத்தில் ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு கை மண் எடுத்து, இனி எவனையும் கூப்பிடாதபடி அவன் வாயை அடைத்து மூடுகிறார்கள். ஒரு சொல்கூட இல்லாமல் வரைந்திருக்கிறாய். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அம்மா, "பயந்துட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் வேறு எதையோ நினைத்துச் சிரித்தாள்.

முதல் பக்கத்தில், "மூன்றாவது குரலுக்குத்தான் திரும்ப வேண்டும் என்று கற்றுக்கொடுத்த அப்பாவுக்கு" என்று போட்டிருக்கிறாய். ஆமாம், கற்றுக்கொடுத்தேன். எப்படிக் கற்றுக்கொடுத்தேன் என்பது உனக்கும் மறந்திருக்காது. டுரியான் துங்கால் வீட்டுக்கு நாம் புதிதாக வந்த சமயம், உனக்கு ஏழு வயது. மத்தியானம் பின்பக்கத்திலிருந்து யாரோ உன் பேரை ஒரு தடவை சொன்னார்கள், நீ "ஓய்" என்று கத்திக்கொண்டு ஓடினாய். பக்கத்து வீட்டுப் பையன் பந்து கேட்டுக் கூப்பிட்டிருக்கிறான், அவ்வளவுதான். உன்னை ஓங்கி முதுகில் அறைந்தேன். ஐந்து விரலும் பதிந்து இரண்டு நாள் இருந்தது. "மூணு தடவ கூப்பிட்டாத்தான் மனுசன். ரெண்டோட நிறுத்துனா அது வேற" என்று உன்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பேய்க்குப் பயந்து பிள்ளையை அடித்தவன் என்று எல்லாரும் நினைத்தீர்கள். இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் இருக்கத்தான் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நல்ல பிள்ளையாட்டம் யுனிவர்சிட்டி கேட்டில் செக்யூரிட்டி வேலை பார்த்துவிட்டு வந்தேன். தம்பி, ரெட்டைக்குரலான் என்று ஒரு பேய் கிடையாது. அவன் பேர் கோவிந்தன். சரசு அத்தையின் புருஷன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோவிந்தன் டிராக்டர் ஓட்டுவான், நான் அவனோடு எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் ஆள். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், ஆனால் வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வோம். மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் மரத்தடியில் சாக்கை விரித்துப் படுத்துவிட்டேன். அவன் டிராக்டரைத் திருப்பி வைத்துவிட்டு வருகிறேன் என்று போனான். கூடப் போய்ப் பின்னால் நின்று கரையைப் பார்த்து வழி காட்டுவது என் வேலை. "நீ படுடா, நான் பாத்துக்கிறேன்" என்றான், நானும் படுத்துவிட்டேன். கரை சரிந்து டிராக்டர் காவாய்க்குள் கவிழ்ந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அப்படித் தூங்கியிருக்கிறேன். என்னை எழுப்பியதே அந்தக் குரல்தான்.

என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஒரு தடவை. கோவிந்தன் குரல்தான், ஆனால் தொண்டைக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி குழைந்து வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். வெயில் உச்சந்தலையில் இருந்தது, சுற்றிலும் ஆள் இல்லை. உச்சி வேளையில் தெரிந்த குரலில் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குக் காத்திரு என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரிந்த சட்டம். காத்திருந்தேன். இரண்டாவது தடவை கூப்பிட்டது. முதலில் கேட்டதைவிடத் தாழ்ந்து கேட்டது. இன்னொன்றும் உனக்குச் சொல்லியிருக்கிறேன், உன் புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்தில் நாகம்மா அதை அப்படியே சொல்கிறாள்: பேயின் குரல் உரக்கக் கேட்டால் அது தூரத்தில் இருக்கிறது, தாழ்ந்து கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டாவது குரல் தாழ்ந்து கேட்டதும் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறது என்றே நினைத்தேன். சாக்கைக்கூட எடுக்காமல் எதிர்ப்பக்கமாக ஓடினேன்.

அவன் பலம் குறைந்துபோய்க் கூப்பிட்டிருக்கிறான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் கொட்டகை வரைக்கும் ஓடி, அங்கே நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. மீசை முளைத்தவன் பட்டப்பகலில் பேய்க்குப் பயந்து ஓடி வந்தேன் என்று எப்படிச் சொல்வது? தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி குடித்துவிட்டு நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து வேறொரு லோரிக்காரன்தான் டிராக்டரைப் பார்த்துவிட்டுக் கத்தினான். நாங்கள் போனபோது ஸ்டியரிங் அவன் நெஞ்சை அழுத்தியிருந்தது. சேறு வாய்க்கு மேல் ஏறியிருந்தது. வலது கை மட்டும் வெளியே இருந்தது, அந்தக் கைக்கு எட்டிய தூரம் வரைக்கும் கரையில் மண் பறிக்கப்பட்டிருந்தது. தோட்டத்து டிரசர் மண்டோரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒடனே ஒண்ணும் போகல. அரை மணி நேரமாச்சும் இருந்திருக்கான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. சரசுவிடம் மட்டும் உடனே போய்விட்டான் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது அவளுக்கு.

நீ எங்கே இருந்தாய் என்று மண்டோர் கேட்டார். மூன்றாம் டிவிஷன் பக்கம் இருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்றேன். அத்தோடு விட்டிருந்தால்கூட நான் ஒரு கோழை, ஒரு பொய்யன், அவ்வளவுதான். ஆனால் என்னால் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, அன்றைக்கு மத்தியானம் ஒரு குரல் என்னை இரண்டு தடவை கூப்பிட்டது, நான் பதில் சொல்லவில்லை, அதனால் அது என்னை விட்டுவிட்டுக் கோவிந்தனைக் கொண்டுபோய்விட்டது என்று சொன்னேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. தப்பித்தாயே என்று தோளைத் தட்டினார்கள். சரசு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாச்சும் பொழச்சீங்களேண்ணே" என்று அழுதாள்.

அடுத்த மாதமே இன்னொருவனுக்கு அங்கே குரல் கேட்டது. பிறகு ஒரு பெண்ணுக்கு. இரண்டு வருஷத்தில் அந்தக் குரலுக்கு உயரம் வந்தது, நீண்ட கை வந்தது, சேறு நிறைந்த வாய் வந்தது, பேரும் வந்தது. காவாய் ஓரம் சூலம் நட்டுக் கோழி அறுத்தார்கள், நானும் நின்று கும்பிட்டேன். உதவி கேட்டுக் கூப்பிட்டவனை நான் பேயாக்கினேன், தோட்டம் அவனுக்கு உருவம் கொடுத்தது, நீ அவனை வண்ணத்தில் வரைந்துவிட்டாய். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. எந்தக் கதையைச் சொன்னேனோ அதைத்தான் நீ வரைந்தாய்.

தோட்டம் கைமாறிய பிறகு சரசு தெங்கேராவுக்குப் போய்த் தையல் தைத்துப் பிழைத்தது உனக்குத் தெரியும். வாராவாரம் சனிக்கிழமை நான் கோலா சுங்கை பாரு போய் மீன் வாங்கி, பாதியை அவள் வீட்டில் கொடுத்துவிட்டு வருவதும் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் 'என் முன்மாதிரி' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது அதைத்தான் எழுதினாய். சிநேகிதன் பொண்டாட்டியைச் சொந்தத் தங்கை மாதிரி பார்த்துக்கொள்கிறவர் என்று எழுதி முதல் பரிசு வாங்கி வந்தாய். அந்தத் தாளை அம்மா கண்ணாடி போட்டு மாட்டினாள். அதற்கு நேராக உட்கார்ந்து நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை, நீ கவனித்திருக்கிறாயோ என்னவோ.

அடுத்த வாரம் சனிக்கிழமை தெங்கேரா கோப்பிக் கடையில் புத்தகத்தை வெளியிடும்போது முதல் பிரதியை அத்தை கையில் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறாய். "அவங்க புருஷனக் கொன்ன பேயி பா. அத அஞ்சு பேரும் சேந்து அடக்குறத அவங்கதான் மொதல்ல பாக்கணும்" என்றாய். போன வாரம் நான் மீன் கொண்டுபோனபோது அத்தையும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தாள். "அது திரும்ப எழுந்திருக்கவே கூடாது, வாயிலயே மண்ணப் போட்டு மூடச் சொல்லுங்கண்ணே தம்பிய" என்றாள். அவள் முன்பே உன்னிடமும் சொல்லி, அதைக் கேட்டுத்தான் வரைந்தாயோ, உனக்கே தோன்றியதோ, எனக்குத் தெரியாது. நூறு பேர் கை தட்ட, மேடையில் அவள் தன் புருஷன் வாயில் மண் அள்ளிப் போடும் படத்தைப் பார்த்துச் சிரிக்கப் போகிறாள். அதைக் கீழே உட்கார்ந்து நான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறும் தின்பேன், என்னை எனக்குத் தெரியும். இவ்வளவு வருஷம் அப்படித்தான் இருந்திருக்கிறேன். அதை நினைத்துத்தான் இன்று மத்தியானம் லீவு சொல்லிவிட்டு மோட்டார் பைக்கை எடுத்தேன்.

தெங்கேராவில் அவள் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. மெஷினில் உட்கார்ந்து சனிக்கிழமைக்காகத் தனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள், ஊதா நிறம்.

"வாங்கண்ணே. என்னா, இன்னிக்கு வியாழக்கெழமதானே? மீனு அதுக்குள்ள வந்துருச்சா?"

"மீனு இல்ல சரசு. ஒண்ணு சொல்லணும்."

"தம்பிக்கு ஒண்ணும் இல்லயே?"

இல்லை என்று சொல்லிவிட்டு, உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எழுதிய மாதிரி ஒழுங்காகச் சொல்லவில்லை, முன்னும் பின்னுமாக உளறினேன். மெஷினை நிறுத்தியவள் துணியிலிருந்து கையை எடுக்கவில்லை.  ரோட்டில் பள்ளிக்கூட பஸ் ஒன்று நின்று, பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது.

"ரெண்டு தடவயா?"

"ரெண்டு தடவ."

"என்னான்னு கூப்பிட்டாரு?"

"என் பேர."

"என் பேரச் சொல்லலயா?"

தம்பி, அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாற்பது வருஷமாக அதில் எனக்குப் பழக்கம் வேறு. இல்லை சரசு, நான் இருந்தது அவனுக்குத் தெரியும், அதனால் என்னைத்தான் கூப்பிட்டான் என்றேன். 

"அப்ப அந்த மீனெல்லாம் அதுக்குத்தானா?"

 அதுக்கு மட்டும் இல்லை என்று சொல்ல நினைத்தேன், அது உண்மையும்கூட, ஆனால் சொல்ல எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை. அவள் எழுந்து கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"படத்தக் காட்டு."

இத்தனை வருஷத்தில் அவள் என்னை அண்ணே, நீங்க, வாங்க என்று தவிர வேறு மாதிரி பேசியதில்லை. காட்டு என்றாள். போனை எடுத்துக் கொடுத்தேன். 

இங்கே கொஞ்சம் நிறுத்தி உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்பா என்கிற உரிமை இன்னும் இருந்தால். நான் அறைந்து உன்னைச் சொல்ல வைத்த சட்டத்தைத் தூக்கிப் போடு. நீ அங்கே கே.எல். பட்டணத்தில் தனியாக இருக்கிறாய், அடுத்த வருஷம் உனக்கும் குடும்பம் என்று ஆகிவிடும். உன்னை எவனாவது கூப்பிட்டால் முதல் குரலுக்கே திரும்பு. ஏமாந்தால் ஏமாந்துவிட்டுப் போ. பேயாகவே இருந்தாலும் போய் என்ன வேண்டும் என்று கேள். உன் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து என்னை எடுத்துவிடு. இந்தக் கடிதத்தைக் கடைசிப் பக்கத்தில் போடுவதா, சனிக்கிழமை கூட்டம் நடத்துவதா, இனிமேல் என்னோடு பேசுவதா என்பதெல்லாம் உன் இஷ்டம். உன் அம்மாவிடம் வந்ததும் சொல்லிவிட்டேன். அவள் சுவரில் இருந்த அந்தக் கட்டுரையைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். ஆனால் நாளைக் காலை பத்து மணிக்குள் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை நான் கேட்கவில்லை, உன் அத்தை கேட்டாள்.

அவள் ரெட்டைக்குரலான் முதலில் வரும் பக்கத்தை முகத்துக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தாள். "இவ்ளோ ஒசரம் இல்ல அவரு" என்றாள். அப்புறம் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். உன் லோரி பறப்பதை, வாட்ச்மேனின் நாய் பாய்வதை எல்லாம் பார்த்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். ஐந்து பேரும் சுற்றி நிற்கிறார்களே, கையில் மண்ணோடு, அந்தப் படம். அவள் கட்டைவிரலை வைத்து அந்த வாயில் இருந்த சேற்றைத் தேய்த்தாள். படம் பெரிதாகி ஓரமாக நழுவிப் போயிற்று. திரும்பக் கொண்டுவரத் தெரியாமல் என்னிடம் நீட்டினாள், நான் சரி செய்து கொடுத்தேன், மறுபடியும் தேய்த்தாள்.

 போனை வாங்கிக்கொண்டு படி இறங்கினேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"அஞ்சு பேரு நிக்கிறாங்கல்ல. யாராச்சும் ஒருத்தர அவரு வாயத் தொடச்சு விடச் சொல்லு."